பட்டாளத்துக் குடும்பத்துக்குச் சங்கம் எதற்கு என்பவர்களுக்கு

"மிலிட்டரிக்காரனுக்கு எதுக்குத் தம்பி தனியா ஒரு கடன் சங்கம்? ஒண்ணாம் தேதி சம்பளம். வெளியே வந்தா பென்ஷன். கேன்டீன்ல மலிவு சாமான். பேங்க்காரன் வீடு தேடி வந்து லோன் தர்றான். கூட்டுறவுன்னாலே கையாடல்தான். இருக்கிற நிம்மதியைக் கெடுத்துக்காதே."

நாயுடுபேட்டையில் முன்னாள் ராணுவத்தினர் நாலு பேர் கூடியிருந்த இடத்தில் நான் பேச்சை எடுத்ததும் வந்த பதில் இது. சொன்னவர் ஓய்வுபெற்ற சுபேதார். என்னைவிட மூத்தவர். இன்றும் அவரை 'சாப்' என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் சொல்லை எளிதில் தட்டமாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது தவறு. இதையேதான் வங்கி மேலாளர் ஒருவரும் சொன்னார், என் மைத்துனரும் சொன்னார். ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருப்பதால் எழுத்திலேயே பதில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் கேட்டது புதுமையான ஒன்றும் இல்லை. ஆசிரியர்களுக்கு இருக்கிறது, போலீஸ்காரர்களுக்கு இருக்கிறது, ரயில்வே ஊழியர்களுக்கு எத்தனையோ காலமாக இருக்கிறது. கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். மாதாமாதம் ஒரு சிறு தொகையைச் சேமிப்பாகப் பிடிப்பார்கள். சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினருக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பார்கள். இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள். வருடக் கடைசியில் லாபம் இருந்தால் பங்கு ஈவு. அவ்வளவுதான். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ந்த பட்டாளத்துக் குடும்பங்களுக்கு அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கடையில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் பல அதில் உண்டு. ஊருக்குப் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறிக் கிடக்கிறோம்.

"பேங்க் இருக்கிறது" என்ற வாதத்துக்கு என் வீட்டுக் கதையையே பதிலாக வைக்கிறேன்.

2009-ல் நான் லடாக்கில் இருந்தேன். ஊரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு உடனே நாற்பதாயிரம் கட்டவேண்டும். தேதி இருபதுக்கு மேல் ஆகிவிட்டதால் கணக்கில் மிச்சம் இருந்தது சில நூறுகள். எனக்குத் தகவல் வருவதற்குள் என் மனைவி ஐந்து சவரன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். அடகுக்கடைக்காரர் சங்கிலியின் கொக்கியை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் நிறுத்து, ரோஸ் நிறச் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. அந்தச் சீட்டை எனக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தாள். அடுத்த லீவில் வந்தபோதுதான் என் கண்ணில் பட்டது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது, தொகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மாதம் எண்ணூறு ரூபாய் வட்டி. இருபதாம் மாதம் நகையை மீட்டேன். வட்டியாக மட்டும் பதினாறாயிரம் போயிருந்தது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. கடைசியில் நாற்பதாயிரத்தையும் மொத்தமாக வைத்துத்தான் சங்கிலியை வாங்கினோம்.

அதே நாற்பதாயிரத்தை ஒரு சிக்கன நாணயச் சங்கம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு, மாதம் இரண்டாயிரம் அசல் தவணையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் மாதம் வட்டி நானூறு. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, இருபதாம் மாதம் இருபது ரூபாய். கூட்டிப் பார்த்தால் மொத்த வட்டி 4,200. எங்களுக்கு நஷ்டமான 11,800 ரூபாய் அன்றைக்கு எங்கள் வீட்டில் சின்னப் பணம் இல்லை.

இதைச் சொன்னால் சாப் உடனே, "இப்போ காலம் மாறிப்போச்சு. போனைத் தட்டினா பணம் வந்துடுது" என்கிறார். போனில் வருவது இருக்கிற பணம். கணக்கில் இல்லாததை எந்தப் போனும் அனுப்பாது. இன்று பேங்கிலேயே குறைந்த வட்டிக்கு நகைக்கடன் கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. அதற்கும் முதலில் நகை வேண்டும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சிப்பாயின் மனைவி, தாலியில் கோத்த குண்டுமணித் தங்கத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதவள், எங்கே போவாள்? சம்பளத்தின் பேரில் வாங்கும் தனிநபர் கடன் கணவன் பெயரில் இருக்கிறது. அவன் அருணாச்சல எல்லையில் ஏதோ ஒரு போஸ்ட்டில் இருக்கிறான். அப்படியே அவன் கேட்டாலும், நாற்பதாயிரம் கேட்டவனிடம் "உங்களுக்கு ஐந்து லட்சம் வரை தகுதி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எடுத்தவன் மோட்டார் சைக்கிளோடு ஊருக்கு வருகிறான், ஐந்து வருடம் தவணை கட்டுகிறான். வங்கியின் ராணுவச் சம்பளக் கணக்கில் நல்ல வசதிகள் உண்டு. விபத்துக் காப்பீடே பெரிய உதவி. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கி பார்ப்பது சம்பளச் சீட்டை. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் காலேஜ் ஃபீஸ் கடைசி நாள் என்பதெல்லாம் தெரிந்து கடன் கொடுக்க அக்கம்பக்கத்து மனிதர்கள்தான் வேண்டும். கடன் கொடுப்பதைவிட முக்கியமான வேலை ஒன்றும் சங்கத்துக்கு உண்டு. கஷ்டம் வருவதற்கு முன்பே மாதம் ஐநூறு ரூபாயை எடுத்து ஒதுக்கி வைக்கப் பழக்குவது. அதை எந்த வங்கியும் நமக்காகச் செய்ததில்லை.

அடுத்தது, கூட்டுறவு என்றாலே கையாடல் என்ற பேச்சு. இதற்குப் பதில் சொல்வது கடினம், ஏனென்றால் இதில் பாதி உண்மை. கேரளத்தில் திருச்சூர் பக்கம் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் நூறு கோடிக்கு மேல் மோசடி என்று 2021-ல் வெளிவந்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள் வைத்தியத்துக்குக்கூடப் பணம் எடுக்க முடியாமல் தவித்தார்கள். தமிழ்நாட்டில் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்யக் கணக்கெடுத்தபோது, சில கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நகையே இல்லாத பொட்டலங்களும் கவரிங் நகைகளும் கிடைத்தன. இவற்றை மூடி மறைத்துவிட்டுக் கூட்டுறவைப் புகழ எனக்கு மனம் வராது.

ஆனால் கூட்டுறவைக் கண்டு பயந்து ஓடியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். விஜயவாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட அக்ரிகோல்டு ஒரு கம்பெனி. சுமார் 32 லட்சம் பேரிடம் ஆறாயிரம் கோடிக்கு மேல் வாங்கிவிட்டுக் கவிழ்ந்தது. சென்னை ஆருத்ரா கோல்டும் கம்பெனிதான். போலீஸ் கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாங்கிய தொகை 2,438 கோடி. மாதம் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது தருவதாக ஆசை காட்டியிருக்கிறார்கள். இங்கெல்லாம் பணம் போட்டவர்களுக்கு ஓட்டுரிமை இருந்ததா? கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்கும் உரிமை இருந்ததா? கூடப் பணம் போட்ட இன்னொருவரின் முகமாவது தெரியுமா? ஏஜென்ட் ஒருவரைத்தான் தெரியும், முதலில் காணாமல் போனவரும் அவர்தான். எங்கள் பக்கத்திலும், கமுட்டேஷன் பணமும் கிராஜுட்டியும் கைக்கு வந்த மறுமாதமே ஏதோ ஒரு கம்பெனியில் போட்டுத் தொலைத்துவிட்டு இன்று ஏடிஎம் வாசலில் காவல் வேலை பார்க்கிற ஹவில்தார்கள் இருக்கிறார்கள்.

கூட்டுறவு எங்கே கெடுகிறது? உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறியாத அளவுக்கு அது பெருத்துவிடும்போது கெடுகிறது. கட்சிக்காரர் தலைவராகும்போது கெடுகிறது. வெளியாள் பணத்தை அதிக வட்டி சொல்லி வாங்கத் தொடங்கும்போது கெடுகிறது. இதையெல்லாம் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்துக் கடன் சங்கங்களை நடத்திக் கண்டுகொண்டார். ஒரே ஊர், ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள், சம்பளம் வாங்காத நிர்வாகிகள் என்பதே அவர் போட்ட வழி. அதைப் படித்து வரச் சென்னை அரசாங்கம் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அனுப்பி, 1895-லும் 1897-லும் அறிக்கை வாங்கியது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இந்த யோசனை இந்தியாவில் முதலில் கால் ஊன்றிய மண் நமக்குப் பக்கத்து மண்தான்.

ஆந்திரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. 1995-ல் இங்கே பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். நாட்டிலேயே முதல் முறை. அரசாங்கம் பங்குப் பணம் போடாது, அதனால் நிர்வாகத்தில் கையும் வைக்காது. உறுப்பினர் பணம், உறுப்பினர் தேர்தல், உறுப்பினர் பொறுப்பு. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். இந்தச் சட்டத்தையும் ஏமாற்றுக்காரர்கள் சிலர் பயன்படுத்தி ஊர்ப்பணத்தைச் சுருட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் இதே சட்டத்தின் கீழ் வாரங்கல், கரீம்நகர் பக்கத்துக் கிராமப் பெண்கள் சிக்கனச் சங்கங்களை ஒழுங்காக நடத்திக் காட்டியும் இருக்கிறார்கள்.

"நம்ம ஜனங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு வராது" என்றார் என் மைத்துனர். இது எனக்கு மிகவும் வருத்தம் தந்த பேச்சு. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறக்கும் வரை நாயுடுபேட்டை நெல்லூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1992-ல் அந்த மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். நெருப்பு மாநிலம் முழுக்கப் பரவியது. கடை மூடியதால் மிச்சமான காசை என்ன செய்வது என்று யோசித்த அதே பெண்கள் நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்கத் தொடங்கினார்கள். 'பொதுபு லட்சுமி' என்று பெயர், பொதுபு என்றால் தெலுங்கில் சிக்கனம். ஆந்திரத்து மகளிர் குழுக்களுக்கு அது ஒரு முன்னோடி. கூலி வேலைக்குப் போகிறவள் நாளுக்கு ஒரு ரூபாய் எடுத்துவைத்த மாவட்டத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு விசில் ஊதினால் வரிசையில் நிற்கப் பழகியவனுக்குக் கட்டுப்பாடு வராதா?

அயல்நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்கக் கடற்படை இலாகாவில் 1933-ல் ஏழு பேர் சேர்ந்து ஒரு கடன் சங்கம் தொடங்கினார்கள். கையிருப்பு 450 டாலர். அந்தச் சங்கம் இன்று நேவி ஃபெடரல் என்ற பெயரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு உலகத்திலேயே பெரிய கடன் சங்கமாக நிற்கிறது. படைவீரரும் பாதுகாப்புத் துறை ஊழியரும் அவர்கள் குடும்பத்தாரும்தான் உறுப்பினர்கள். அப்படிப்பட்ட சங்கம் இருந்த நாட்டிலேயே ராணுவ முகாம்களின் வாசலில் கந்துவட்டிக் கடைகள் முளைத்தன. சிப்பாய்க்கும் அவனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று 2006-ல் தனிச் சட்டமே போடவேண்டி வந்தது. கடனில் மூழ்கிய சிப்பாய் சண்டைக்கு உதவமாட்டான் என்று அங்கே ராணுவத் தலைமையே உணர்ந்ததால் வந்த சட்டம் அது. பணக்கார நாட்டுக்குச் சரி என்பவர்கள் உகாண்டாவைப் பார்க்கலாம். அந்நாட்டு ராணுவத்தினர் 2005-லிருந்து 'வசலெண்டோ' என்ற பெயரில் சொந்தச் சேமிப்புக் கடன் சங்கம் நடத்துகிறார்கள்.

இனி நான் இந்தப் பேச்சை எடுத்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

சாப் சொன்ன பென்ஷன், கேன்டீன் எல்லாம் அவருக்கு உண்டு, எனக்கும் உண்டு. 2022 ஜூன் 14-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையனுக்கு இல்லை. நான்கு ஆண்டு சேவை. முதலாண்டு மாதம் 30,000, நாலாம் ஆண்டு 40,000. அதில் நூற்றுக்கு முப்பது பிடித்தம், அரசும் அதே அளவு போடும். முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் சேவா நிதியாகக் கைக்கு வரும். அறிவித்த விதிப்படி நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் தொடர்ந்து வேலையில் இருப்பார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுட்டி இல்லை, வைப்பு நிதி இல்லை, ராணுவ மருத்துவத் திட்டம் இல்லை, கேன்டீன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூட இல்லை. பென்ஷன் இல்லாததால் வங்கியில் பென்ஷன் கடனும் இல்லை. முதலில் சேர்ந்தவர்களுக்கு நான்கு ஆண்டு முடிவது 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன். அவன் அப்பா வாழ்நாளில் பார்க்காத பணம் ஒரே நாளில் அவன் கணக்கில் விழும். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் திருப்பதி சாலையும் சேரும் ஊர் இது. சாலை ஓரம் முழுக்கப் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். மேனகூர் தொழிற்பேட்டையைக் காட்டி விலை ஏற்றுகிறார்கள். அந்தப் பையனைத் தேடி முதலில் வரப்போகிறவர் பிளாட் புரோக்கர். அடுத்து, ஆன்லைன் வர்த்தகத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறு, முதலில் இதை மூன்று பாகமாகப் பிரித்துப் போடு" என்று சொல்ல ஊரில் எந்த அமைப்பு இருக்கிறது? அரசாங்கம் அவனை முன்னாள் படைவீரர் என்று எழுதாது. நம் சங்கத்தின் துணைவிதியில் நாம் எழுதிக்கொள்ளலாம். ஒரு நாள் சீருடை போட்டிருந்தாலும் அவனும் அவன் வீட்டாரும் உறுப்பினர் என்று ஒரு வரி போதும்.

ராணுவ விதி இடம் கொடுக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பணியில் இருப்பவர் ராணுவம் அங்கீகரிக்காத அமைப்புகளில் அனுமதி இல்லாமல் பங்கெடுக்கக்கூடாது என்று 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகள் சொல்கின்றன. ஆகவே பணியில் இருப்பவரை நாம் கூப்பிடவேண்டாம். அவர் மனைவிக்கும் அம்மாவுக்கும் ராணுவச் சட்டம் கிடையாது. ஊரில் இருந்து வட்டி கட்டுகிறவர்கள் அவர்கள்தான், சங்கத்தில் முதலில் உட்காரவேண்டியவர்களும் அவர்கள்தான். நிர்வாகக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்று தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கூட்டுறவு வங்கியில் போடும் பணத்துக்கு ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. கடன் சங்கத்தில் போடும் பணத்துக்கு அது கிடையாது. அதனால் அக்னிவீரரின் பதினொரு லட்சத்தையோ ஹவில்தாரின் கிராஜுட்டியையோ நம் சங்கத்தில் கொண்டுவந்து கொட்டச் சொல்லவே மாட்டேன். கொட்டவந்தாலும் வாங்கக்கூடாது. அந்தப் பணத்துக்குத் தபால் ஆபீஸ் இருக்கிறது. ராணுவத்தில் ஓய்வுபெற்றவர்களை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஐம்பது வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. இதை எடுத்துச் சொல்வதும் சங்கத்தின் வேலைதான். சங்கத்துக்குள் வரவேண்டியது மாதம் ஐநூறு ரூபாய். நூறு குடும்பம் சேர்ந்தால் வருடத்துக்கு ஆறு லட்சம். அதிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல் யாருக்கும் கடன் கிடையாது. ஏஜென்ட் கிடையாது, வெளியாள் டெபாசிட் கிடையாது. மாதாமாதம் வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கவேண்டும், தமிழிலும் தெலுங்கிலும்.

சாப், உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் செட்டிலாகிவிட்டார்கள். உங்களுக்குச் சங்கம் தேவைப்படாமல் இருக்கலாம். சங்கத்துக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள். கம்பெனிக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் பார்த்த கை உங்களுடையது. நீங்கள் பொருளாளராக உட்கார்ந்தால் கையாடல் என்று ஊரில் ஒருவனும் பேசமாட்டான்.

பதிவுக்குப் பத்துக் குடும்பம் வேண்டும். என் நோட்டில் இன்றைக்கு ஆறு பெயர் இருக்கிறது, அதில் நான்கு பேர் பெண்கள். இன்னும் நான்கு குடும்பம் வேண்டும்.